பழுதில்லாத பம்ப்

அந்த வீட்டில் எது பழுதானாலும் எல்லோரும் மருமகளின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவள் கணவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். எறும்புக் கால் பருமன் உள்ள திருகாணியைக்கூடக் கண்ணை இடுக்காமல் முடுக்கிவிடுவான். ஆனால் வீட்டில் ஒரு குழாய் ஒழுகினால் போதும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி நின்றுவிடுவான். மருமகளோ ஒரு சலவை நிலையத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவள். ஓட்டல்களிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும் படுக்கை விரிப்புகளை விழுங்கித் துப்பும் இயந்திரங்கள். அவற்றோடு காலையெல்லாம் மல்லுக்கட்டிவிட்டு மதியம் வீடு திரும்பினால், வீட்டிலும் எங்கே கிறீச்சிடுகிறது, எங்கே கசிகிறது என்று அவள் காது தானாகப் போகும்.

அப்படிப்பட்டவளுக்கே கீழறைப் பம்ப் தண்ணி காட்டிவிட்டது.

வீடு இருந்தது பள்ளத்தில். முன்பக்கத் தெரு மேடு. வாசலில் நுழைந்தால் கூடம், சமையலறை, படுக்கையறைகள். சமையலறை ஓரத்தில் செங்குத்தான படிகளில் இறங்கினால் கீழறை. கீழறைக்கும் பின்சந்துக்கும் நடுவே ஒரே ஒரு படிதான். அந்த ஒரு படிக்காகத்தான் மாமனார் கீழறையில் இருந்தார். முழங்கால் இரண்டும் அவரைக் கைவிட்டுவிட்டன. முன்பக்கமாக வெளியே போவதென்றால் இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டும். பின்பக்கமோ, கதவைத் திறந்து, தடியை ஊன்றி, அந்த ஒரு படியை ஏறிவிட்டால் சந்து முழுக்க அவருடையது. காலையில் சந்து முனை வரை போவார். சைக்கிள்கள் சாத்தியிருக்கும் சுவரோரம் நின்று போக்குவரத்தை வேடிக்கை பார்ப்பார். யாரையும் கேட்காமல் போய் யாரையும் கேட்காமல் திரும்பி வருவார்.

யாரையும் கேட்காமல் என்பது முக்கியம். அவருக்குக் கேட்கவே வராது. வாழ்நாள் பூராவும் ஆஸ்பத்திரி வார்டு உதவியாளராக இருந்தவர், அதிலும் பெரும்பாலும் இரவுப் பணி. வலியில் புரண்டு புரண்டு அப்போதுதான் கண்ணயர்ந்தவர்களுக்கு நடுவே கட்டிலை உருட்டவும், தட்டின் மேல் தட்டை ஓசைப்படாமல் வைக்கவும் பழகிய கை. தூங்குகிறவர்களை எழுப்புவதைவிடப் பெரிய பாவம் அவருக்குத் தெரியாது. வீட்டிலும் அதே கதைதான். இருமுவதைக்கூட யாரிடமோ அனுமதி வாங்கிக்கொண்டு இருமுகிற மாதிரி இருமுவார். சாப்பாட்டில் உப்பு இல்லையா மாமா என்றால் ‘பரவால்ல’. மின்விசிறி சுற்றவில்லையா, ‘பரவால்ல’. பெற்ற மகளே அவருக்கு வைத்த பெயர் ‘பரவால்ல அப்பா’.

வந்த புதிதில் மருமகளுக்கு இது பெரிய நிம்மதியாக இருந்தது. தொந்தரவு தராத மாமனார் எத்தனை பேருக்குக் கிடைப்பார்? போகப்போக அதுவே எரிச்சலாகிவிட்டது. மனசில் என்ன இருக்கிறதென்று தெரியாத மனுஷரோடு எப்படிக் குடித்தனம் பண்ணுவது? இயந்திரம்கூட மக்கர் பண்ணுவதற்கு முன்னால் நாலு சத்தம் போட்டுச் சொல்லிவிடுகிறதே என்று நினைத்துக்கொள்வாள்.

பள்ளத்து வீட்டுக்கு மழைக்காலத்தில் மேட்டுத் தண்ணீரெல்லாம் அழையாத விருந்தாளி. சுவர் வழியாகவும் தரைக்கு அடியிலும் ஊறி வரும். அது வந்து சேர்வதற்கென்றே கீழறை மூலையில் ஒரு குழி, குழிக்குள் ஒரு பம்ப். பம்புக்குப் பக்கத்தில் ஒரு மிதவை தொங்கும். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறி ஸ்விட்சைப் போட்டுவிடும், பம்ப் ஓடித் தண்ணீரைக் குழாய் வழியாகப் பின்சந்துச் சாக்கடையில் கொட்டும். தண்ணீர் வடிந்தால் மிதவை இறங்கி பம்ப் நின்றுவிடும். நிற்கிற நொடியில், குழாயில் பாதி தூரம் ஏறிய தண்ணீர் குழிக்கே திரும்பி ஓடி வரப் பார்க்கும். வராமல் தடுக்கக் குழாய் நடுவில் ஒரு வால்வு. அதற்குள் இருக்கும் தகடு தண்ணீரைப் போக விடும், திரும்ப விடாது. அந்தத் தகடு அறைந்து மூடும்போது ‘டொம்’ என்று ஒரு சத்தம் வரும். குழாயைக் கூரையின் மரச்சட்டத்தோடு இறுக்கியிருந்ததால் அந்த டொம் வீட்டின் எலும்பு வரை போகும்.

அந்தச் சட்டத்துக்கு நேர் மேலே பின்னறை. இரவில் மருமகளின் கைக்குழந்தை முன்னறையில் பெற்றவர்களோடு தூங்கும். மதியத்தில் மட்டும், காற்று வருகிறதென்று, பின்னறைத் தொட்டிலில் போடுவாள். காலையில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட கணவன், இவள் வந்ததும் கடைக்குக் கிளம்பிவிடுவான். குழந்தை தூங்குகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் இவளும் கட்டையைச் சாய்க்கிற நேரம். விடியுமுன்னே எழுந்து ஓடுகிறவளுக்கு அது தூக்கமில்லை, உயிர்.

அந்த வருஷம் மழை பிடித்த பிடியை விடவில்லை. ஒரு நாள் சாயங்காலம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே இறங்கியவள், கடைசிப் படியில் கால் வைத்ததும் ‘சளக்’ என்றது. கீழறை பூராவும் கணுக்கால் தண்ணீர். மாமனாரின் செருப்புகளில் ஒன்று கட்டிலுக்கு அடியிலும் இன்னொன்று கதவோரமும் மிதந்துகொண்டிருந்தன. அவர் துடைப்பத்தால் தண்ணீரைக் குழிப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். பம்போ, ஒன்றுமே நடக்காத மாதிரி சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன மாமா இது, கூப்பிடக் கூடாதா?”

“பரவால்லம்மா. வடிஞ்சிடும்.”

மறுநாள் அவள் பம்பை வெளியே தூக்கிக் கழுவினாள். அடியில் வடிகட்டியை அடைத்திருந்த சேற்றையும் பொடிக்கல்லையும் வழித்துப் போட்டாள். மிதவை குழிச்சுவரில் உரசுகிற மாதிரி இருந்தது, அங்கேதான் சிக்கியிருக்கும் என்று முடிவு செய்து அதன் கயிற்றை மாற்றிக் கட்டினாள். வாளித் தண்ணீரைக் குழியில் ஊற்றினாள். மிதவை ஏறியது, பம்ப் ஓடியது, தண்ணீர் போனது, டொம். மேலே குழந்தை வீறிட்டது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரமே மறுபடியும் தண்ணீர். இந்த முறை அவருடைய படுக்கையின் ஒரு முனை ஊறிவிட்டது. மிதவை ஸ்விட்சையே கழற்றிப் புதிது போட்டாள். வாளித் தண்ணீரைக் கொட்டினால் பம்ப் ஓடுகிறது. அவள் முன்னால் பம்ப் ஒரு நாளும் மக்கர் பண்ணவில்லை. கடைத்தெரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டியதற்கு அவர் பம்பைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, “பம்ப்ல ஒண்ணும் இல்லம்மா. நீங்க பாக்காதப்ப அதுக்கு என்ன தோணுதோ” என்று சிரித்துவிட்டுப் போனார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இயந்திரத்துக்கு மனசு கிடையாது, அதனால்தான் அவளுக்கு இயந்திரங்களைப் பிடிக்கும். காரணமில்லாமல் ஒரு பம்ப் நிற்கவும் நிற்காது, ஓடவும் ஓடாது.

மூன்றாம் தடவை தண்ணீர் வந்தபோது கணவனின் பொறுமை போய்விட்டது. சாப்பிட உட்கார்ந்தவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

“போதும். தங்கச்சிகிட்ட பேசிட்டேன். ஞாயித்துக்கெழம வந்து அப்பாவ கூட்டிட்டுப் போறா.”

“அவ வீடு நாலாவது மாடிங்க. லிஃப்ட் கெடையாது. மாமா ஒரு தடவ ஏறினா அப்புறம் எறங்கவே மாட்டாரு.”

“அதுக்கு? இங்க தண்ணில மெதக்கணுமா? அந்த ரூம்ல ப்ளக் பாயிண்ட் இருக்கு, கரண்ட் இருக்கு, தண்ணியும் நிக்குது. நான் கடையில கண்ணாடி மாட்டி விட்டுட்டு நிக்கிறேன், மனசு பூரா இங்கதான் இருக்கு. என்னிக்காவது ஒண்ணு ஆச்சுன்னா?”

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. தப்பான பேச்சாக இருந்தால் ஒரு கை பார்த்திருப்பாள்.

“ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் குடுங்க. நான் அது என்னன்னு கண்டுபிடிக்கிறேன்.”

“கண்டுபிடி. ஆனா அப்பா போறது போறதுதான்.”

அவள் கீழே போய் மாமனாரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தயங்கி நின்றாள். அவசியமே இல்லாமல் போயிற்று. அவருடைய துணிப்பை கட்டிலின் மேல் கட்டித் தயாராக இருந்தது. மடித்த சட்டைகள், சீப்பு, மருந்து டப்பா. நாலாவது மாடியில் தேவைப்படாது என்று நினைத்தாரோ என்னவோ, தடியை மட்டும் கதவோரம் சாத்தி வைத்திருந்தார்.

“யாரு மாமா சொன்னா?”

“யாரும் சொல்லல. பரவால்ல, அங்க பால்கனி இருக்காமே.”

மறுநாள் சலவை நிலையத்தில் அவளுக்கு வேலை ஓடவில்லை. நீராவிப் புகையில் விரிப்புகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். வடிகட்டி பார்த்தாயிற்று, மிதவை பார்த்தாயிற்று. குழிக்குள் இருப்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், தண்ணீர் வெளியே வந்து விழுகிற இடத்தைப் பார்க்கவே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. வெளிவாயில் ஏதாவது அடைத்திருந்தால்? மழை பெய்யும்போது அங்கே போய் நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மழை அவளை ஏமாற்றவில்லை. மதியம் குழந்தையைத் தொட்டிலில் போட்டுத் தூங்க வைத்ததும், குடையை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றிப் பின்சந்துக்கு வந்தாள். குழாயின் வாய் சாக்கடைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மழை கொட்டுகிறது. சுவரெல்லாம் ஊறி வழிகிறது. இந்நேரம் குழி நிரம்பியிருக்க வேண்டும், பம்ப் ஓடியிருக்க வேண்டும், தண்ணீர் பீறிட்டிருக்க வேண்டும். குழாய் வாயிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். அடைப்பும் இல்லை.

மாட்டிக்கொண்டாயா என்று பம்பை மனசுக்குள் கறுவிக்கொண்டே எழுந்து பின்கதவைத் தள்ளினாள்.

மாமனார் குழியோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் மடங்காததால் கால் இரண்டையும் நீட்டி வைத்து, இடுப்பை ஒடித்துக் குனிந்திருந்தார். கையில் ஒரு குவளை. குவளையைக் குழிக்குள் சாய்த்துத் தண்ணீரை மொண்டு, பக்கத்திலிருந்த வாளியின் உள்சுவரோடு ஒட்ட வைத்து, வழிய விட்டார். தண்ணீர் விழுகிற சத்தமே இல்லை. மறுபடி மொண்டார், மறுபடி வழிய விட்டார். சட்டைக் கை முழங்கை வரை நனைந்து ஒட்டியிருந்தது. பம்பின் ப்ளக் சுவரிலிருந்து கழற்றப்பட்டு ஆணியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அவளைப் பார்த்ததும் அவர் செய்த முதல் காரியம், உதட்டின் மேல் விரலை வைத்ததுதான்.

“கொழந்த தூங்குது.”

ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. வடிகட்டியைக் கழுவியது, மிதவையை மாற்றியது, மெக்கானிக் சிரித்தது, எல்லாம்.

“நீங்கதானா?”

அவர் குவளையைக் கீழே வைத்தார். அதைக்கூட ஓசைப்படாமல்.

“பம்ப் ஓடி நின்னா டொம்முனுது. கொழந்த எந்திரிச்சு அழுவுது. நீ ஓடுற. உன் கால் சத்தம் எனக்கு இங்க கேக்கும். காலைல இருந்து நின்னுட்டு வர்ற பொண்ணு, கொஞ்ச நேரம் கண்ண மூடட்டுமேன்னு பாத்தேன். கொழந்த தூங்கறப்ப மட்டும் புடுங்கி வச்சிருவேன். கையாலயே எறச்சிருவேன். மூணு தடவதான் உக்காந்தபடியே கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா ரூம் பூரா தண்ணி. ஒடனே ப்ளக்க சொருகிட்டேன்.”

அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இந்த மனுஷரைக் கட்டிக்கொண்டு அழவும் வேண்டும் போலிருந்தது, அந்தக் குவளையைப் பிடுங்கிச் சுவரில் அடிக்கவும் வேண்டும் போலிருந்தது.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மாமா. சத்தமா இருக்கு, சரி பண்ணுன்னு ஒரே ஒரு வார்த்த. நான் இந்த வேலதான செய்யறேன்? ஊருல இருக்கிற மெஷினெல்லாம் சரி பண்றேன், இத பண்ண மாட்டேனா?”

“அதான் சொல்லல. சொன்னா அதுக்கும் நீதான உக்காரணும்.”

“இப்ப மட்டும் என்ன, ரெண்டு வாரமா நான் படுத்தா இருக்கேன்?”

இரண்டு பேரும் குழியைப் பார்த்தார்கள். தண்ணீர் நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது. அவள் ப்ளக்கை எடுத்துச் சொருகப் போனாள். அவர் கை அவரறியாமல் குறுக்கே வந்தது, பிறகு வெட்கப்பட்டு விலகியது. அவள் சொருகவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, குவளையை எடுத்து அவளே மொள்ள ஆரம்பித்தாள். வாளியின் சுவரோடு ஒட்ட வைத்து வழிய விடுவது பார்க்கிறபடி அவ்வளவு சுலபமாக இல்லை.

“மேல பேசறது எல்லாம் இங்க கேக்குமா மாமா?”

“கேக்கும்.”

“எங்க சண்டகூடவா?”

“பலக தளம்தான? கேக்கும்.” கொஞ்சம் பொறுத்து, அவளைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, “பெருசா சண்ட ஒண்ணும் நீங்க போடறதில்ல” என்றார்.

வாளி நிரம்பியது. அவள் கொண்டுபோய்ச் சந்தில் கொட்டிவிட்டு வந்தபோது அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“இத புள்ளைங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லாதம்மா. பம்ப் கெட்டுப்போச்சுன்னே இருக்கட்டும்.”

“சொல்லலன்னா உங்கள கூட்டிட்டுப் போயிடுவாங்க.”

“பரவால்ல.”

“எனக்குப் பரவால்லன்னு இல்ல மாமா.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது.

“தெரிஞ்சா புள்ளைங்க என்ன நெனைக்கும்? வயசான காலத்துல வீட்ட தண்ணில முக்கினான்னு...”

“சரி, நான் வாயத் தெறக்கல. சொல்றதா இருந்தா நீங்களே சொல்லுங்க. ஆனா ஒண்ணு, உங்களுக்கு எங்க இருக்கணும்னு உங்க வாயால சொல்லாம நான் உங்க பைய தூக்கிக் குடுக்க மாட்டேன்.”

வாக்குக் கொடுத்த மறுகணமே எதற்குக் கொடுத்தோம் என்றிருந்தது. உண்மையைச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் முடிகிற விஷயம். ஆனால் அவர் கேட்டு வாங்கிய முதல் பொருள் அந்த வாக்குத்தான். அதைப் போய் எப்படிப் பிடுங்குவது?

அடுத்த நாள் வேலை முடிந்து வரும்போது அவள் பையில் ஒரு புது வால்வும் ஒரு முழ நீளத்துக்குக் கெட்டி ரப்பர் குழாயும் இருந்தன. சலவை நிலையத்தில் ஒரு இயந்திரம் இப்படித்தான் தண்ணீரை நிறுத்தும்போதெல்லாம் சுவரை இடித்துக்கொண்டிருந்தது. குழாய் நடுவே ஒரு துண்டு ரப்பர் வைத்த பிறகு அடங்கியது. பம்ப் ஓடுகிறதா என்று மட்டும் இத்தனை நாள் பார்த்தோமே தவிர, அது எப்படி ஓடுகிறது என்று பார்க்கவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். டொம் சத்தம் அவளுக்கும் கேட்டதுதான். தூக்கம் கெட்டதுதான். ‘இந்த வீடு இப்படித்தான்’ என்று அவளும் ஒரு ‘பரவால்ல’ போட்டுவிட்டுத்தான் இருந்திருக்கிறாள்.

பழைய வால்வை அறுத்து எடுத்தாள். உள்ளே இருந்த தகடு தளர்ந்து தொளதொளவென்று ஆடியது. புதியதில் தகட்டுக்குப் பின்னால் ஒரு சுருள்வில் இருந்தது. தண்ணீர் திரும்புவதற்கு முன்னாலேயே வில் தகட்டை மெதுவாக மூடிவிடும், அறையாது. அதற்கு மேலே ரப்பர் குழாயை வைத்து இரண்டு பக்கமும் பட்டையால் முடுக்கினாள். மரச்சட்டத்தில் குழாயைப் பிடித்திருந்த இரும்புப் பட்டையைத் தளர்த்தி, நடுவில் பழைய சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றிக் கட்டினாள். மாமனார் டார்ச் அடித்தார். அவள் எங்கே பார்க்கிறாளோ அங்கே வெளிச்சம் சொல்லாமலே போயிற்று. வார்டில் டாக்டர்களுக்கு அடித்த பழக்கம்.

“இப்ப பரீட்ச” என்றாள் மருமகள். “நான் மேல தொட்டில் பக்கத்துல இருக்கேன். நீங்க வாளித் தண்ணிய குழியில ஊத்துங்க. பம்ப் நின்னதும் இந்தத் தொடப்பக் கட்டையால மேல ரெண்டு தட்டு தட்டுங்க. எனக்கு எப்ப நின்னுதுன்னு தெரியணும்.”

மேலே போய்த் தொட்டிலருகே உட்கார்ந்தாள். குழந்தை வாயைப் பிளந்து தூங்கியது. காத்திருந்தாள். ஒன்றுமே கேட்கவில்லை. காத்துக் காத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்கி வந்தாள். வாளி காலி. குழியில் தண்ணீர் அடியில் கிடந்தது. பம்ப் ஓடி நின்று எவ்வளவோ நேரமாகியிருக்க வேண்டும். மாமனார் துடைப்பக் கட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் நுனிக்கும் கூரைக்கும் ஒரு விரற்கடை இடைவெளி.

“ஏன் மாமா தட்டல?”

“கொழந்த தூங்குதே” என்றார் அவர்.

அவள் படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பம்ப் சரியாகிவிட்டது. இவரை எந்த ஸ்பேனரால் சரி பண்ணுவது?

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாத்தனார் வந்தாள். நல்ல பெண்தான். அப்பாவுக்கென்று புதுத் தலையணை, வழியில் போட்டுக்கொள்ள ஸ்வெட்டர், எல்லாம் வாங்கி வந்திருந்தாள். கீழே போய் அப்பாவின் கன்னத்தைத் தடவிவிட்டு, “ரெடியாப்பா?” என்றாள். அவர் தலையை ஆட்டினார். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு அவள் மேலே வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். வெளியே தூறல் வலுத்துக்கொண்டிருந்தது. பின்னறையில் குழந்தை தூங்கியது.

“பம்ப சரி பண்ணிட்டேன்” என்றாள் மருமகள். “இனிமே தண்ணி வராது.”

“இதையேதான் நீ முதல் தடவையும் சொன்ன” என்றான் கணவன். “என்ன கோளாறுன்னு சொல்லு பாப்போம்.”

அவள் வாயைத் திறந்தாள். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தட்டிலிருந்த பருக்கையை ஒதுக்குகிற மாதிரி பாவனை செய்து அதை விழுங்கினாள்.

“பாத்தியா, உனக்கே தெரியல. தெரியாத கோளாற சரி பண்ணிட்டேன்னா எப்படி நம்பறது?”

“அண்ணி, நீங்க வருத்தப்படாதீங்க” என்றாள் நாத்தனார். “உங்கள யாரும் கொற சொல்லல. அப்பா என்கூட இருந்தா கண்ணுக்குள்ள வச்சு பாத்துப்பேன். வெளிய போகணும்னே இருக்காது, எல்லாம் கைக்கு எட்டற எடத்துல இருக்கும்.”

“வெளிய போகணும்னு இருந்தா?”

“அப்பா என்னிக்கு எது வேணும்னு சொல்லியிருக்காரு? அவருக்கு எங்க இருந்தாலும் பரவால்லதான்.”

மருமகள் பலகைத் தரையைப் பார்த்தாள். ஒவ்வொரு வார்த்தையும் கீழே போய்க்கொண்டிருக்கிறது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவரைப் பேச வைக்கவே வேண்டுமென்று குரலை உயர்த்தினாள்.

“அவருக்கு எங்க இருக்கணும்னு அவருதான் சொல்லணும். அவரு வாயத் தெறந்து சொன்னா அதுதான் முடிவு. சொல்லலன்னா, நானே பைய எடுத்துட்டு வந்து வண்டில வைக்கிறேன்.”

கணவன் அவளை வினோதமாகப் பார்த்தான். “எதுக்கு இப்படி கத்தற? கொழந்த எந்திரிச்சிடும்.”

அவள் காத்திருந்தாள். கீழிருந்து எந்தச் சத்தமும் இல்லை. மழை மட்டும் கேட்டது. நாத்தனார் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள். கணவனும் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். சரி, முடிந்தது என்று மருமகளுக்குத் தோன்றியது. கேட்கத் தெரியாதவருக்காக எத்தனை தூரம்தான் இழுத்துப் பிடிப்பது? பையை எடுக்க அவள் கீழே இறங்கப் போனாள்.

டொக்.

மூன்று பேரும் நின்றார்கள்.

டொக். டொக். டொக்.

காலடியில் பலகை அதிர்ந்தது. மேசையின் மேல் கரண்டி துள்ளியது. பின்னறையில் குழந்தை ஒரு விக்கலோடு விழித்து, வீடே இரண்டாகிற மாதிரி அழ ஆரம்பித்தது. கீழே தட்டுகிறவரோ நிறுத்தவில்லை.

“அப்பா!” என்று கணவன் படிகளில் தாவினான். நாத்தனார் பின்னாலேயே ஓடினாள். மருமகள் குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

கீழறைத் தரை காய்ந்து கிடந்தது. மாமனார் நடு அறையில் துடைப்பக் கட்டையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். மூச்சு வாங்கியது. முகம் சிவந்திருந்தது. இன்னொரு கையில் அவருடைய தடி. கட்டில் மேல் பை அவிழ்ந்து கிடந்தது. சட்டைகளும் சீப்பும் அலமாரிக்குத் திரும்பிப் போயிருந்தன.

“என்னாச்சுப்பா? தண்ணி வந்திடுச்சா?”

“தண்ணி வரல. பம்புக்கு ஒண்ணுமில்ல. என்னிக்குமே ஒண்ணுமில்ல.” அவர் ஒரு தடவை எச்சிலை விழுங்கிக்கொண்டார். “மத்தியானத்துல நான்தான் ப்ளக்க புடுங்கி வச்சேன். கொழந்த எந்திரிக்குதேன்னு. கையால எறச்சேன். மூணு தடவ தூங்கிட்டேன். இந்தப் பொண்ணுக்குத் தெரியும். நான்தான் சொல்ல வேணாம்னேன்.”

கணவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மனைவியைப் பார்த்தான். அவள் குழந்தையைத் தட்டிக்கொடுப்பதில் மும்முரமாக இருந்தாள்.

“நான் வரலம்மா” என்றார் அவர் மகளிடம். “உன் வீடு நல்ல வீடுதான். ஆனா எனக்கு நடக்கணும். அந்தச் சந்து முனை வரைக்கும் நானா போயிட்டு நானா வரணும். எனக்கு இங்கதான் இருக்கணும்.”

நாத்தனார் கட்டில் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தாள். ஸ்வெட்டரை மடியில் வைத்துத் தடவினாள்.

“எனக்கு வேணும்னு நீங்க சொல்லி நான் கேட்டதே இல்லப்பா” என்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் சிரித்தாள். “சொல்லத் தெரியுமா உங்களுக்கு?”

மூலையில் மிதவை எழும்பியது. பம்ப் மெல்ல முனகி ஓடியது. பின்கதவுக்கு வெளியே சாக்கடையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு பம்ப் நின்றது. எல்லோரும் வழக்கமான அந்த டொம்முக்காகத் தோளைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். அது வரவே இல்லை. குழந்தையின் அழுகைதான் அறை பூராவும் கேட்டது.

மாமனார் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மருமகளைப் பார்த்தார்.

“நான்தான் எழுப்பிட்டேனா?”

“ஆமா மாமா. நல்லா எழுப்பிட்டீங்க.”

அவர் குழந்தையின் சிவந்த முகத்தையும் அது கையைக் காலை உதைத்துக் கத்துவதையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பரவால்ல” என்றார்.